பிள்ளையார் பேர் புகுந்த மெயில்

ஜெயசுதா விதையைக் கையில் எடுத்தாலே அது பயத்தில் முளைத்துவிடும் என்று செஞ்சியில் சொல்வார்கள். ஒருமுறை அவள் முறைத்த முறைப்பில் வறுத்த மல்லாட்டைக் கடலையே துளிர்விட்டதாம்; நான் நம்புகிறேன். பொன்னுசாமியின் விதைக் கம்பெனியில் முளைப்புச் சோதனை செய்து சான்று தருகிற வேலை அவளுக்கு. பதினோரு வருடத்தில் ஒரு சான்றும் பொய்த்ததில்லை.

அன்று பகல் ஒன்றரை மணிக்குச் சென்னையிலிருந்து, விதை வாங்கும் கம்பெனியின் ரஞ்சித் போன் செய்தான்.

"மேடம், காலைல வந்த உங்க சான்று மெயில்ல டிஜிட்டல் கையெழுத்து செல்லாதுன்னு வருது. போட்டப்புறம் யாரோ மாத்தியிருக்காங்களாம். மூணு மணிக்குள்ள சரியா வரலன்னா, போலிச் சான்றுன்னு எழுதி லோடைத் திருப்பிடுவோம்."

போலி! அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருந்தது. பென் டிரைவ் போலிருந்த கையெழுத்து டோக்கனைப் பிடுங்கிச் செருகினாள். அது காலாவதியாக இன்னும் ஒரு வருடம் இருந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி செல்லாது. மணி இரண்டேகால்.

தனக்கே ஒரு மெயில் அனுப்பினாள். அவளிடம் தங்கிய பிரதியில் கையெழுத்து செல்லும் என்றது. வந்து சேர்ந்ததில் செல்லாது என்றது. அப்படியானால் கோளாறு வழியில்தான். இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். வந்ததன் தலையில் ஒரு வரி கூடுதல்: 'பிள்ளையார் துணை'.

"ஐயா, இத யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் பொன்னுசாமி. "எல்லா மெயில்லயும் தானா வர்ற மாதிரி கம்ப்யூட்டர் பாக்குற தாண்டவராயன் நேத்து சர்வர்ல வச்சிட்டுப் போனான். இன்னா இப்போ?"

"அதான் கையெழுத்தக் கெடுக்குது. எடுக்கச் சொல்லுங்க."

"சாமி பேரையா? வெளையாடுறியா?"

"கையெழுத்துப் போட்ட பத்திரத்துல அப்பறமா ஒரு வரி சேத்து எழுதுவீங்களா?"

"எழுதினா உள்ள தள்ளிடுவான்."

"இப்ப என்னைத்தான் தள்ளப் போறான். சாமி பேர நானே மொதல்ல எழுதிட்டு, அப்பறம் கையெழுத்துப் போடுறேன். சர்வர் எழுத வேணாம்."

பொன்னுசாமி சுவரிலிருந்த பிள்ளையாரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டவராயனுக்குப் போன் போட்டார்.

"சாப்ட்டுட்டு இருக்கேன்ணா, கை கழுவிட்டு…"

"எச்சக் கையோட அந்த வரிய எடுடா!"

இரண்டு நாற்பத்தெட்டுக்கு மெயில் போனது. ரஞ்சித் கூப்பிடும்வரை ஜெயசுதா உட்காரவில்லை.

"கரெக்டா இருக்கு மேடம். லோடை இறக்கச் சொல்லிட்டேன்."

"காலைல அனுப்பினதும் போலி இல்ல சார். அதையும் எழுதி அனுப்புங்க."

"அதான் போன்லயே சொல்றேனே?"

"போன்ல கையெழுத்து இல்லையே சார்."

கால் மணியில் மெயில் வந்தது. அதன் கையெழுத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெயசுதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.