அலைக்கு நட்ட கதியால்

ஏரிக் காவல்காரன் வேலை ஏச்சு வாங்குற வேலை. கார் பார்க்கில நிண்ட ஆக்களுக்கும், கோயில் அன்னதான வரிசைக்குப் பொறுப்பா நிண்ட ஆக்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின்ர கடைசியில, லண்டனுக்கு மேற்கு ஓரத்தில, சரளைக்கல் கிண்டின கிடங்கில தண்ணி நிரம்பி உண்டான ஒரு சின்ன ஏரியில நாலு வருசம் அந்த வேலை பாத்தனான். நான் அறை எடுத்திருந்த கோலியர்ஸ் வுட்டில இருந்து பஸ்ஸும் ட்ரெயினும் மாறிப் போகவேணும். என்ர மனுசி மனோ அப்ப கொழும்பில ஒரு லொட்ஜில இருந்தவ. நிரந்தர வேலை இருக்கெண்டு கடிதம் காட்டினால்தான் அவவைக் கூப்பிடலாம். அதால ஆர் என்ன ஏசினாலும் எனக்கு அந்த வேலையை விட ஏலாது.

நீந்தத் தெரியாத ஆள்

ஏரிக்கு மூண்டு பகுதி சொந்தக்காரர். தண்ணியில சறுக்கிற ஆக்களைக் கயித்தில இழுக்கிற ஸ்கீ போட் ஓட்டுறவை, தூண்டில் போடுறவை, கரையில வீடு வைச்சிருக்கிறவை. மூண்டு பகுதியும் சேந்து ஒரு கொமிட்டி. அதுக்குத் தலைவர் டெரிக், போட்காரர். இன்டர்வியூவுக்குப் போகேக்க, நீந்தத் தெரியுமோ எண்டு கேப்பினம், என்ன சொல்லுறதெண்டு வழியெல்லாம் யோசிச்சுக்கொண்டு போனன். ஒருத்தரும் கேக்கேல்லை. டெரிக் ஒரு சிவப்புக் கொடியையும் முறைப்பாட்டுப் புத்தகத்தையும் கையில தந்தார். கரையில இருந்து ஐம்பது யார் தூரத்துக்குள்ள போட் மெதுவாப் போகவேணும், அலை எழும்பக்கூடாது, எழும்பினால் கொடி காட்டு எண்டார்.

"காட்டியும் நிக்காட்டி?" எண்டு கேட்டன்.

"புத்தகத்தில எழுது. உனக்கு முதல் இருந்த ஆள் கோவக்காரன், அவன் திருப்பி ஏசினவன். நீ கேட்டுக்கொண்டு நிண்டால் காணும்."

பத்து மணி

காலமை பத்து மணி மட்டும் தண்ணி தூண்டில்காரருக்கு. பிறகுதான் போட். ஆனா ஒன்பதே முக்காலுக்கே ஏதாவது ஒரு போட் 'சும்மா எஞ்சின் பாக்கிறன்' எண்டு ஒரு சுத்துச் சுத்தும். போட் போய்க் கன நேரத்துக்குப் பிறகுதான் அலை கரைக்கு வரும். றோன் எண்ட மனுசன் நாலு தூண்டிலை வரிசையா வைச்சுப்போட்டு இருப்பார். அலை வந்து நாலையும் தட்டிக்கொண்டு போகும். ஏச்சு எனக்கு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான் இடி, எனக்கு மூண்டு.

நாலு வருசத்தில அவர் ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டு போய் நான் காணேல்லை. பிடிக்கிறதையும் நிறுத்துப் பாத்து, தடவி, திரும்பத் தண்ணிக்குள்ள விடுவார். அப்ப ஏன் அண்ணை விடியக் காலமை இந்தக் குளிருக்குள்ள வாறியள் எண்டு ஒருநாள் கேட்டன்.

"வீட்டில மனுசி இருக்கிறா, சிவா. முப்பது வருசம் ஒரே வீட்டுக்குள்ள ஒரே முகத்தைப் பாத்தால் உனக்கும் விளங்கும்."

மனோவின்ர முகத்தைக் கண்டு அப்ப அஞ்சு வருசம். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

பதினொரு எட்டு

ஏரியின்ர ஒடுங்கின முனையில மிஸிஸ் பார்லோவின்ர வீடு. எழுபது கடந்த தனி மனுசி. போட் எல்லாம் அந்த முனையில வந்துதான் திரும்பும். திரும்பேக்க எழும்புற அலை அவவின்ர கரையில போய் அடிக்கும், மண் பொத்துப் பொத்தெண்டு விழும். எனக்குக் கோப்பையில தேத்தண்ணி தந்து, கதவடியில இருந்து தண்ணி மட்டும் ஒவ்வொரு எட்டா எண்ணி நடந்து காட்டுவா.

எங்கட ஊரில வேலி ஒரு சாண் பிசகினால் பரம்பரையாக் கோட்டில வழக்காடித் திரியிறவை. எங்கட ஐயாவும் சித்தப்பாவும் அப்பிடித்தான். அதால அவவின்ர வயித்தெரிச்சல் எனக்கு விளங்கினமாதிரி அந்தக் கொமிட்டியில ஒருத்தருக்கும் விளங்கேல்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில அவவுக்கு மட்டும் எத்தினை பக்கம் எழுதினன். அதை ஆரும் திறந்து பாத்ததாத் தெரியேல்லை.

"நாங்கள் இஞ்ச வரேக்க தண்ணிக்குப் பதினாறு எட்டு, சிவா. இப்ப பதினொண்டு. நான் முதல் போறனோ வீடு முதல் போகுதோ தெரியாது."

ஒரே மூச்சில ரெண்டு விசயம்

டெரிக்கிட்ட எனக்கு ரெண்டு அலுவல் இருந்தது. ஒண்டு, விசாவுக்கு வேலைக் கடிதம். மற்றது, மிஸிஸ் பார்லோவின்ர கரை. முதலாவதைக் கேட்டன். மனுசன் நல்ல மாதிரித்தான், வசந்தத்தில கொமிட்டிக் கூட்டம் முடியக் கையெழுத்து வைச்சுத் தாறன் எண்டார். அதோட வாயை மூடியிருக்கலாம். ஆனா நாய் வேசம் போட்டால் குரைக்கத்தானே வேணும்? கரையைப் பற்றியும் கேட்டன்.

அவர் கோவிக்கேல்லை. தண்ணியைக் கையால காட்டினார்.

"ஏரி சின்னன், சிவா. நான் வேற எங்க திரும்புறது?"

கதியால்

மாரிக் குளிரில போட் ஓடாது. வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதை இனித்தான். மிஸிஸ் பார்லோவின்ர வளவில, தண்ணிக் கரையில வளருற விலோ மரம் ஒண்டு நிண்டது. விலோக் கொப்பு வெட்டி நட்டால் வேர் விடுமெண்டு அவதான் சொன்னா. எனக்கு உடன கதியால்தான் ஞாபகம் வந்தது. வேலிக்கு நாங்கள் நடுற உயிர்த்தடி. நட்டால் ஒரு வருசத்தில வேரோடி மண்ணைப் பிடிச்சிடும். ஆரையும் கேக்காமல், கொமிட்டிக்கும் சொல்லாமல், ரெண்டு கிழமை பின்னேரங்களில முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு தடி நட்டு, நடுவில கொப்புப் பின்னி, பின்பக்கம் மண் போட்டன். கால் விறைச்சு நீலமாப் போச்சு. ஆனா அந்த நாட்டில செய்த வேலையில எனக்குச் சந்தோசம் தந்தது அது ஒண்டுதான்.

பிழை எங்க விட்டனான் எண்டால், கரை இப்ப நிக்கிற இடத்தில நடேல்லை. அவ கை காட்டின இடத்தில, பழைய கரையில நட்டன். அதிலயும் ஒரு சாண் அங்கால. வேலிக்கு அளவு கயிறு பிடிக்கேக்க எங்கட ஆக்களின்ர கை தானாகவே அங்கால போகும், அது பரம்பரை வியாதி. சித்திரையில எல்லாத் தடியும் தளிர்த்தது. மிஸிஸ் பார்லோ சப்பாத்தோட நடந்து பாத்துப்போட்டு என்ர கையைப் பிடிச்சா.

"பதினாறரை, சிவா!"

கூட்டம்

போட் ஓடத் தொடங்கின முதல் சனிக்கிழமையே டெரிக் வழமையான இடத்தில திரும்பினார். கரையை ஒட்டித் திரும்புற அந்த வளைவில இப்ப என்ர கதியால் நிண்டது. ப்ரொப்பெல்லர் உடைஞ்சுது. ஆளுக்கு ஒண்டுமில்லை, அது கடவுள் புண்ணியம். ரெண்டு கிழமை கழிச்சுக் கூட்டம். மேசையில ஏரியின்ர வரைபடத்தை விரிச்சு வைச்சு, தண்ணிக்குள்ள வேலி போட்டது ஆர், போடச் சொன்னது ஆர் எண்டு கேட்டினம். என்ர யோசினைதான் எண்டன். முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கோ, நாலு வருசமா எழுதியிருக்கிறன் எண்டன். ஆரும் அதைத் தொடேல்லை.

மிஸிஸ் பார்லோ முன்வரிசையில இருந்தவ. லோயர் கடிதம் வருமெண்டு ஆரோ அவவைப் பயப்பிடுத்தியிருக்கவேணும். உங்களுக்குத் தெரிஞ்சு நடந்ததோ எண்டு டெரிக் மரியாதையாத்தான் கேட்டார். அவ என்ர பக்கம் திரும்பேல்லை.

"நான் அவருக்குத் தேத்தண்ணி மட்டும்தான் குடுத்தனான்."

பிடுங்கினது

மாதக் கடைசியோட வேலை முடிஞ்சுது. வேலையை விட்டு நிக்கப் போற ஆளுக்கு நிரந்தர வேலைக் கடிதம் எப்பிடிக் குடுக்கிறது எண்டு டெரிக் கேட்டார். நியாயமான கேள்விதான். கதியாலைப் பிடுங்கிற பொறுப்பையும் கடைசிக் கிழமையில என்னட்டத்தான் தந்தினம். வேர் விட்டிட்டுது, லேசில வரேல்லை. ஒவ்வொண்டா அசைச்சு அசைச்சு இழுத்தன். மிஸிஸ் பார்லோவின்ர யன்னல் சீலை மூடிக் கிடந்தது. அவவில எனக்குக் கோவம் வந்தது, இப்பவும் கொஞ்சம் இருக்கு.

றோன் தூண்டிலை வைச்சுப்போட்டு வந்து கடைசித் தடிக்குக் கை குடுத்தார்.

"இதுக்குள்ள மீன் வந்து தங்கத் தொடங்கினது, சிவா. கூட்டத்தில சொல்லத்தான் நினைச்சனான்."

லொட்ஜ் போன்

மனோவின்ர விசா இன்டர்வியூவுக்கு அப்ப மூண்டு கிழமை இருந்தது. லொட்ஜுக்கு போன் எடுத்தால் மனேச்சர் மாடிக்குக் கூப்பிட்டு, அவ இறங்கி வர அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசமும் பொய் ஒண்டு சொல்லுவமோ எண்டு யோசிச்சன். சொல்ல வாய் வரேல்லை. போட், அலை, கிழவி, கதியால் எல்லாத்தையும் சொன்னன். கடிதம் இல்லையெண்டும் சொன்னன். எனக்கு அழுகை வந்திட்டுது. அவ அழேல்லை. கொழும்பில தங்குற தமிழாக்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுக்குத் திரும்ப அலையவேணும், அறை வாடகைக்கு மனேச்சரிட்ட என்ன சொல்லுறது எண்டு மெதுவாக் கணக்குப் பாக்கிறமாதிரிக் கதைச்சா. நான் வேற வேலை எடுத்து, கடிதம் எடுத்து, அவ வந்து சேர இன்னும் ரெண்டு வருசம் போச்சு. அண்டைக்கு போனை வைக்க முதல் அவ கேட்டது ஒண்டுதான்.

"வேலிச் சண்டை இல்லாத இடமெண்டு நினைச்சுத்தானே உங்களை அனுப்பினனான், அங்க போயும் வேலி அடைக்கத்தான் கை போச்சுதோ?"

கரையில வேலை பாக்கிற ஆக்களுக்கு நான் கண்டதைச் சொல்லுறதெண்டால், அலை எழுப்பினவன் அங்கால போயிடுவான், கதியால் நட்டவன்தான் வழக்கில நிப்பான்.