பிரான்சுக்கு வந்து திரும்பிப் போன ஸ்ராங்கு

என் கணவர் பிரான்சில் இரண்டு குளிர்காலம் இருந்தார். மூன்றாவது தொடங்குவதற்கு முன்பே எங்கள் ஊரான குளச்சலுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் வாழவில்லை.

நான் வேலை பார்ப்பது பிரான்சின் வடக்குக் கரையில், பூலோன் என்ற துறைமுக நகரத்தில். எங்கெங்கோ பிடித்த மீன் லாரிகளில் வந்திறங்கி, துண்டாகி, பெட்டிகளில் அடைந்து வெளியே போகும் ஊர். அங்கே ஒரு மீன் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். அயலை மீனில் விஷம் ஏறியிருக்கிறதா, புகை போட்ட மீனில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மேற்படிப்புக்கென்று போய், படிப்பு முடிந்து வேலையும் கிடைத்த வருடத்தில் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டேன். அவரும் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். பன்னிரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். முப்பது வயதுக்குள் விசைப்படகை ஓட்டும் ஸ்ராங்கு ஆகியிருந்தார். பத்துப் பேர் அவர் சொல் கேட்டு வலை விடுவார்கள்.

“அங்கயும் கடல்தானே கெடக்கு? நான் என்னத்துக்குப் பயப்படணும்?” என்று சொல்லித்தான் கிளம்பி வந்தார்.

கடல் இருந்தது. அதில் இறங்கத்தான் வழி இல்லை. ஊரில் வாங்கிய எந்தச் சான்றிதழும் அங்கே செல்லாது. முதலில் மொழி தெரிய வேண்டும், பிறகு பயிற்சி, பிறகு பரீட்சை. வாரம் இரண்டு நாள் மொழி வகுப்புக்குப் போனார். மீனவனுக்கும் பாவிக்கும் அந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே சொல். ஒலிப்பில் மயிரிழைதான் வித்தியாசம். என்ன தொழில் என்று ஆசிரியை கேட்டபோது அவர் வாயில் பாவி என்று வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்தவர்கள் இல்லை. அவரும் கூடவே சிரித்ததாகத்தான் என்னிடம் சொன்னார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து போகவில்லை.

பிறகு நான் சொல்லி, வேறொரு கம்பெனியில் மீன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு இரட்டை உறை, நாள் முழுக்கக் குளிர்ப்பெட்டி போன்ற கூடம். ஐந்தாவது மாதம் விரல்கள் மடங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“உயிரோட ஒரு மீனக் கண்ணால பாத்து எத்தன மாசமாச்சு தெரியுமா?” என்றார். அதற்கு நான் ஏதோ அறிவுரை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அறிவுரை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு தினமும் காலையில் துறைமுகத்துக்கு நடந்து போவார். அங்கே சிறு படகுகள் வந்து மீனைக் கரையிலேயே விற்கும். ஒருநாள் ஒரு கிழவர் தனியாகப் படகைக் கரையோடு அணைக்கப் பாடுபட்டார். இவர் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொடுத்தார். கிழவர் கையசைத்து நன்றி சொன்னார். அன்று இவர் வீட்டுக்கு வந்து அதையே மூன்று முறை சொன்னார். மறுநாளும் போனார். ஒரு மாதம் முழுக்க, மழையில்கூட, அந்தப் படகு வரும் நேரத்துக்குப் போய் நின்றார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். கிழவர் என்னைப் பார்த்ததும் நிம்மதியடைந்ததுபோல இருந்தது.

“உங்கள் கணவர் நல்ல மனிதர். ஆனால் கயிற்றில் கை சிக்கி ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இனி தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றார்.

அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அப்படியே சொன்னேன்.

“செரி. அவரு சொல்லது நியாயந்தான்” என்றார். கயிறு அவர் கையில் இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தார்.

அடுத்த மாதம் தம்பியின் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனார். கல்யாணம் முடிந்தது. ஆள் வரவில்லை. போனில் கேட்டால் “பாக்கலாம்” என்பார்.

மாசியில் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு நானே குளச்சலுக்குப் போனேன். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றபடி வந்து இறங்கினேன். வீட்டில் அவர் இல்லை. ஆழ்கடல் படகில், நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து பிடிக்கும் தங்கலுக்குப் போயிருந்தார். திரும்பி வரப் பதினைந்து நாளுக்கு மேலாகும்.

“நான் வாறது அவியளுக்குத் தெரியாதா மாமி?” என்று கேட்டேன்.

மாமியார் மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தெரியும் மக்ளே. தெரிஞ்சுதான் போனான்.”

பதினேழு நாள் காத்திருந்தேன். படகு வந்த அன்று துறைமுகத்தில் போய் நின்றேன். ஆட்களைச் சத்தமாக ஏவிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கேட்டேன். “நான் வேலைய விட்டுட்டு இஞ்ச வந்திரட்டா?”

“வந்து என்ன செய்வா? ஏலக்காரன்ட்ட போயி மீன்ல கிருமி இருக்குண்ணு சொல்லுவியா?” சிரித்தார். உடனே அவர் முகம் வாடியது. “ஏட்டி, நான் அங்க இருந்தது போல நீ இஞ்ச இருப்பா. ஒருத்தரு அப்படி இருந்தது போதும்.”

“பொறவு எப்படித்தான்?”

“தெரியல்ல.”

கோபமாகப் பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் உண்மையாகவே தெரியாமல்தான் சொன்னார். கொச்சியில் வேலை தேடிப் பார்க்கவா என்று கேட்டேன். தேடு என்றார். குளச்சலில் இருந்தபடியே நான்கு இடங்களுக்கு எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், இப்போது இடமில்லை என்று. விமான நிலையத்துக்கு அவர் என்னோடு வந்தார். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள் என்றார்.

போன மாதம் எனக்குப் பத்து வருடக் குடியிருப்பு அட்டை கிடைத்தது. எத்தனையோ பேர் ஏங்கும் அட்டை. உடன் வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி வெட்டினார்கள். சாயங்காலம் அவரை அழைத்தேன். படகு கடலில் இருந்திருக்கும் போல, மணியே அடிக்கவில்லை. மாமியை அழைத்துச் சொன்னேன்.

“பத்து வருசமா?” என்றார் மாமி. “அவன் கரைக்கு வந்தா நீயே சொல்லு மக்ளே.” போனை மட்டும் வைக்கவில்லை.