காதை அமுக்கச் சொன்னவன்

போன வருடம், பெங்களூரு ஒக்கலிபுரத்தில் நான் கெஸ்ட் டீச்சராக வேலை பார்க்கும் அரசுப் பள்ளிக்கு இருபது டேப்லெட்டுகள் வந்தன. பெட்டியைப் பிரித்தவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லாமல், புரியாத சொல்லைப் புரியாமலே உருப்போட்டுத் தேறியவன். அதனால் தொட்டால் வாசித்துக் காட்டும் ஒரு கருவியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்கள்மேல் கோபப்பட வேண்டும்.

ஆங்கில வாசிப்புப் பயிற்சி அதில் இப்படி இருந்தது. திரையில் ஒரு வாக்கியம், கீழே நான்கு படங்கள். பொருத்தமான படத்தைத் தொட வேண்டும். ஓரத்தில் ஒரு காது படம் இருக்கும். அதை அமுக்கினால் ஒரு பெண்குரல் வாக்கியத்தை வாசித்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பாடம் கன்னடம், மூன்றாவதாக ஆங்கிலம். மிரண்டார்கள். “தெரியலன்னா பயப்படாதீங்க, காத அமுக்குங்க” என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. காதால் பிடித்ததை விடமாட்டாள். குடை, பந்து, பூனை என்று நாலு சொல் காதில் விழுந்தால் போதும், சரியான படத்தில் விரல் நிற்கும். சில மாதங்களில் பள்ளியிலேயே அவள்தான் முதல். நன்றாக வாசிக்கிறாள் என்று அவள் அம்மாவின் போனுக்குப் பச்சை நட்சத்திரம் வந்தது.

ஒருநாள் காலையில் கரண்ட் இல்லை. டேப்லெட்டுகள் சார்ஜ் இறங்கிக் கிடந்தன. அதே வாக்கியங்களில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, முதல் மாணவியாயிற்றே என்று அவளை எழுப்பினேன். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“சார், காது எங்க?”

பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், அவ காதப் புடிச்சித் திருகுங்க, படிப்பா!” என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் வாக்கியத்தை அழித்தேன். ஒற்றை எழுத்துகளாக எழுதிக் காட்டினேன். அவளுக்குப் பாதிக்குமேல் தெரியவில்லை.

வாசிக்க வராதவர்களுக்கு எங்கள் பள்ளியில் தினம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு உண்டு. அதற்கு யார் போகலாம் என்பதை டேப்லெட்டின் மதிப்பெண்தான் முடிவு செய்தது. இவள் முதல் மாணவி, பட்டியலில் இல்லை. அடுத்த வருடம் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். அங்கே இவளை உட்காரவைத்து எழுத்து சொல்லித்தர யாரும் இல்லை.

தலைமையாசிரியையிடம் போனேன். கன்னடக்காரர், என்னிடம் பாதித் தமிழில் பேசுவார்.

“நோடி சார், இங்க பாருங்க, லிஸ்ட் மேலேருந்து வருது. நாம கை வெக்க ஆகாது. அவ டாப்பர்தானே, அல்வா?”

“மேடம், அவளுக்குப் படிக்கவே வரல.”

“டேப்ல வருதே.”

“படிக்கிறது டேப் மேடம். அவ கேக்குறா, அவ்ளோதான்.”

“சும்னே பெருசு பண்ணாதீங்க. நம்ம ஸ்கூல் பூரா பச்சையா இருக்கு இப்போ.”

அந்தப் பச்சையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் பஸ் போர்டைப் படிக்க அது உதவுமா? கேட்டேவிட்டேன். அவர் முகம் இறுகியது. கடைசியில், மறுதேர்வு வைத்து மதிப்பெண்ணைக் குறைக்கலாம், ஆனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்.

அவள் அம்மா வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்பவர். சனிக்கிழமை காலை, மெட்ரோ பிடிக்கும் அவசரத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா சார் சொல்றீங்க? நான் வேல செய்ற வூட்லல்லாம் ஸ்டார காட்டிட்டேன். ஒரு அக்கா பேக் வாங்கிக் குடுத்துச்சு.”

அவர் மேஜையிலிருந்த என் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினார். “படிடி.”

அவள் தலை குனிந்தாள். அம்மா அவளைத் திட்டவில்லை. என்னிடம் திரும்பினார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். போன்ல வந்தத நம்பினேன். நீங்க படிச்சவரு. தெனம் பக்கத்துலயே நிக்கிறீங்க. ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து படின்னு கேக்கலியா?”

கேட்கவில்லை.

“ஸ்டார் போனா போவுது. எங்க கையெழுத்து போடணும், காட்டுங்க.”

ஒலியை நிறுத்திவிட்டுத் தேர்வு வைத்தேன். நட்சத்திரம் போயிற்று. திங்கட்கிழமை அவள் தனி வகுப்பில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே டேப்லெட் கம்பெனியிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் போன் செய்தான்.

“சார், உங்க ஸ்கூல்ல ஒரு ஸ்டூடன்ட் நாலு லெவல் எறங்கிட்டா. ஸ்பீக்கர் போயிடுச்சா?”

“ஸ்பீக்கர் நல்லா இருக்கு. நான்தான் நிறுத்தினேன். ஏம்ப்பா, தேர்வு நேரத்துல அந்தக் காத நீங்களே எடுத்துட்டா என்ன?”

“எப்படி சார்? எல்லா ஸ்கூலும் எறங்கிடுமே!”

மழை வந்தால் நனைந்துவிடுமே என்பதுபோல, அத்தனை சாதாரணமாகச் சொன்னான். அப்படியென்றால் தெரிந்தேதான் நடக்கிறது. தெரிந்தே ஊர் ஊராக நட்சத்திரம் அனுப்புகிறார்கள், படிக்கத் தெரியாத அம்மாக்களின் போனுக்கு.

அந்த வாரம் முழுக்க, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன்; வராதவர்களுக்கு மறுதேர்வு வைக்க, பள்ளி விட்டதும் கையெழுத்துத் தாள்களோடு வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். தலைமையாசிரியை இப்போது என்னோடு பேசுவதில்லை. தனி வகுப்பில் பெஞ்ச் போதவில்லை, பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறார்கள்.