பச்சை லீவு

1. எந்தப் பச்சை?

"ஏனுங்க பாய், லீவுல ஏதுங்க பச்சை, மஞ்சள்?"

பனியன் கம்பெனி கந்தசாமி முதலாளி ஒரு பேக்ஸ் தாளை என் மேஜையில் போட்டு, நான் படித்துச் சொன்னதும் இப்படித்தான் கேட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் நான் டிராவல்ஸ் ஆபீஸ் திறந்த புதிது. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு டிக்கெட் போடுவது, விசா ஃபாரம் நிரப்புவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் கூடவே போய் இங்கிலீஷைத் தமிழாக்குவது எல்லாம் நானே.

பேக்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. முதலாளியின் பையர் ஹில்டா அம்மா கிறிஸ்துமஸ் ஆர்டரைப் பார்க்க வருகிறார். வேலை முடிந்ததும் சில நாள் இங்கேயே தங்கி 'கிரீன் ஹாலிடே' கழிக்க ஆசையாம். எனக்கும் அது புது வார்த்தை. பச்சை லீவு என்று சொல்லிவிட்டேன். முதலாளி உடனே சாயக் கலர்களெல்லாம் ஒட்டிய ஷேடு கார்டை விரித்தார். பாட்டில் கிரீனா, ஆலிவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னார். நானும் கேட்டு அனுப்பினேன்.

பதில் விவரமாக வந்தது. கார் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, இயற்கைக்குக் கெடுதல் எதுவும் கூடாது, பக்கத்தில் ஓடை இருந்தால் நல்லது. கடைசி வரியில், அடுத்த சீசன் ஆர்டரை லீவு முடிந்ததும் முடிவு செய்வதாக இருந்தது.

அந்த வரியைப் படித்ததும் முதலாளி முகம் மாறிவிட்டது. போன சீசனில் வேறொரு பையர் கைவிட்டதில் பாதி டெய்லர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இதுவும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

"அந்தம்மா சிரிச்ச மொகத்தோட போகோணுமுங்க பாய். போனா நம்ம கம்பெனி டிக்கெட் பூரா உங்களுக்குத்தான். இல்லீன்னா நீங்களும் கடையைச் சாத்திட்டு வந்து எங்கூட பனியன் மடிங்க. மடிக்கறதுக்குப் பனியன் இருந்தா."

2. மாட்டு வண்டியும் மரியாதையும்

தங்குவதற்கு முதலாளியின் தென்னந்தோப்பு வீடு. போக மாட்டு வண்டி. இதுவரை சரி. ஆனால் எக்ஸ்போர்ட்டர் ஊட்டு விருந்தாளி வெறும் வண்டியில் வந்தால் ஊர் என்ன பேசும் என்று முதலாளிக்குக் கவலை. எனவே மரியாதைக்காக ஒரு அம்பாசடர் பின்னாலேயே காலியாக வந்தது. மாட்டு வேகத்தில் உருண்டால் எந்த இன்ஜின்தான் தாங்கும்? அவிநாசி ரோட்டில் கார் கொதித்து நின்றுவிட்டது. கடைசியில் மாடுகள் ஹில்டா அம்மாவையும் இழுத்தன, கயிறு கட்டி அம்பாசடரையும் இழுத்தன. அந்தம்மா கார் எதற்கு என்று கேட்டார். மரியாதை என்றேன். கார் கூடாது என்று எழுதியதைத்தான் இப்படிக் கடைப்பிடித்திருக்கிறோம் என்று புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

தோப்பு வீட்டிலிருந்த பிளாஸ்டிக் குடமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. சோபா வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத கவரை முதலாளி தன் கையாலேயே உரித்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன்போல நின்றார் பாவம். ஜாடியிலிருந்த பிளாஸ்டிக் பூவை எடுக்கத்தான் ரொம்ப நேரம் வாதாடினார். இலை பச்சையாகத்தானே இருக்கிறது என்பது அவர் கட்சி.

3. ஓடை

இரண்டாம் நாள் காலையில் அந்தம்மா தோப்புக்குப் பின்னால் போனார். ஓடை சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மேலே சாயப்பட்டறைகள் வரிசையாக இருந்தன. ஓடையைப் பார்த்தே எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவோம். தீபாவளி, பொங்கல் லீவில் பட்டறைகள் மூடினால்தான் தண்ணீர் தெளியும். அன்றைய சிவப்பு முதலாளியின் பட்டறையில் ஓடிய கிறிஸ்துமஸ் லாட். அதாவது ஹில்டா அம்மாவுடைய சொந்த ஆர்டர்.

அந்தம்மா முகம் சுருங்கிப் போனதைச் சொன்னேன். முதலாளி நிதானமாக, "நான் பாத்துக்கறனுங்க" என்றார். பட்டறையை நிறுத்துவார் என்று நம்பி நிம்மதியாகப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல?

மறுநாள் ஓடை பச்சையாகப் போனது. பாட்டில் கிரீன். வேறொரு பார்ட்டியின் லாட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டியிருக்கிறார். கரையில் கை கட்டி நின்றுகொண்டு, "மேடம் கேட்ட ஷேடு வந்துருச்சுங்களான்னு கேளுங்க பாய்" என்றார்.

நான் கேட்கவில்லை. அந்தம்மாவே குனிந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை ஓடையில் முக்கினார். எடுத்து, சேம்பிள் பார்க்கிற பழக்கத்தில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு டோன் டார்க்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

நேற்றைய சிவப்பு யாருடையது என்று கேட்டார். உங்களுடையது என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவே இல்லை. என் ஆபீஸ் போர்டைக் கழற்றுவதுபோல எனக்குக் கண்ணில் தெரிந்தது. கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னார். முதலாளி ஜெர்மனிக்கு வந்து ஒரு பச்சை லீவு கழிக்க வேண்டும். ஆர்டர் அங்கேதான் முடிவாகும்.

"ஆர்டர் வாங்க லீவு எடுக்கோணுமுங்களா?" என்றார் முதலாளி. பிறந்ததிலிருந்து அவர் லீவு எடுத்ததே இல்லை.

4. அங்கே

முதலாளியும் நானும் போனோம். விமானத்தை விட்டு இறங்கியதும் ரயில், பிறகு சைக்கிள். படுக்கை ஒரு பண்ணையில், வைக்கோல் மேல். காலையில் மாட்டுச் சத்தத்தில் எழுந்த முதலாளி என் பக்கம் திரும்பி, "எங்க ஊரு குண்டடத்துல தோட்டத்துச் சாளை வீட்டுல இதேதானுங்க பாய். இதுக்கா பிளைட்டு ஏறி வந்தோம்?" என்றார். அந்தம்மா கேட்டபோது ரொம்ப அருமை என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். இந்தத் தொழிலில் அது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

பண்ணைக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. முதலாளி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி தெளிவா இருக்குதுங்களே. இன்னைக்கு இங்க லீவுங்களா?"

கேட்டுச் சொன்னேன். அந்தம்மா ஓடையின் மேல்பக்கம் கையைக் காட்டினார். மரங்களுக்கு மேலே ஒரு புகைபோக்கி, அதில் புகை. சாயப்பட்டறைதான், மும்முரமாக ஓடுகிறது என்றார்.

முதலாளி தன் வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்தார். முக்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை முக்கினார். வெள்ளையாகவே வந்தது. அவ்வளவு பெரிய மனுஷன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

ஈரம் காய்ந்ததும் கர்ச்சீப்பை அந்தம்மாவிடம் நீட்டினார். எங்கள் ஊரில் பையர் கையெழுத்துப் போட்ட சேம்பிள்தான் வேதம், சரக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தம்மா கர்ச்சீப்பிலும் போட்டார், ஆர்டரிலும் போட்டார். சரக்கைப் போலவே பட்டறைத் தண்ணீரும் சேம்பிளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

5. இங்கே

திரும்பி வந்ததும் கர்ச்சீப்பைப் பட்டறையில் சாயம் பார்க்கிற டையிங் மாஸ்டரிடம் கொடுத்து, வெளியே போகிற தண்ணீர் இந்த ஷேடில் வேண்டும் என்றார் முதலாளி. மாஸ்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஒயிட்டுன்னு தெளிவாச் சொல்லிருங்க மொதலாளி. மில்க் ஒயிட்டா, ஆஃப் ஒயிட்டா?" என்றார்.

சிரித்தோமே தவிர வேலை சிரிப்பாக இல்லை. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டினார் முதலாளி, இடித்தார், மறுபடி கட்டினார். தினமும் குழாயில் துணியை நனைத்து, "ரெண்டு டோன் டார்க்" என்று முகம் சுளிப்பார். ஒரு நாள் துணி வெள்ளையாகவே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. ஓடை நீலமாகப் போய்க்கொண்டிருந்தது. மற்ற பட்டறைகளுக்கு யார் கையெழுத்து வாங்குவது?

ஹில்டா அம்மா மறுபடி பச்சை லீவுக்கு வருவதாக எழுதினார். நாள் குறிப்பது என் வேலை. பொங்கல் லீவில் வரச் சொன்னேன். வந்தார். ஓடையில் கல் தெரிந்தது. அந்தம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது. முதலாளி முந்திக்கொண்டார்.

"இல்லீங்க மேடம். இன்னைக்கு லீவு."

இதை மட்டும் நான் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். யாராவது பச்சை லீவு கேட்டு வந்தால், கேட்டவருக்கு டிக்கெட் போடுமுன் அந்த ஊர் தண்ணீருக்கு என்றைக்கு லீவு என்று விசாரியுங்கள். கிடைக்கிற பதிலை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.