காகிதத்தில் தூங்கிய விமானி

என் தங்கை கணவர் சரக்கு விமானம் ஓட்டுகிறவர். சென்ற மாதம் தொடர்ந்து மூன்று இரவு ஓட்டிவிட்டுக் காலையில் சென்னையில் இறங்கி, ரயிலில் விருதுநகர், பிறகு பஸ்ஸில் சிவகாசி என்று பொழுதடையும்போது வந்து சேர்ந்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் உடம்புக்கு அது ஆபீஸ் நேரம். விடிகிற சமயத்தில்தான் கண்ணயர்ந்தார்.

ஒன்பது மணிக்கு, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறேன் என்று சொந்தபந்தங்களோடு போய் எழுப்பியவன் நான்தான்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்? காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைப்பவன். ஒரு சீசனில் இரண்டு இரவு கண்விழித்து, அமாவாசையை ஒரு நாள் தள்ளி அச்சேற்றிவிட்டேன். எத்தனையோ வீடுகளில் முன்னோர்கள் மறுநாள்தான் சாப்பிட்டார்கள்.

இலை போட்ட நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். இன்றிரவே ஓட்ட வேண்டுமாம். மாலையில் மதுரையில் விமானம் ஏறி வந்துவிட வேண்டுமாம்.

"நான் சரியாத் தூங்கவே இல்லை சார்."

"உங்க ஓய்வு நேரம் முடிஞ்சிருச்சே?"

சென்னையில் இறங்கியதிலிருந்தே ஓய்வாம். ரயிலில் உட்கார்ந்தது ஓய்வு. பஸ்ஸில் நின்றது ஓய்வு. நான் எழுப்பியதும் ஓய்வுதான். விதி எழுதியவர் எங்கள் ஊர் பஸ்ஸில் நின்றுகொண்டு ஓய்வெடுத்துக் காட்டட்டும், பார்க்கலாம்.

"பெட்டிதான மாப்ள, ஆளா ஏத்திட்டுப் போறீக?" என்றார் சித்தப்பா, அப்பளத்தை நொறுக்கியபடி.

"பெட்டிக்கு முன்னால நாங்க ரெண்டு பேரு இருக்கோம் மாமா. கீழ ஊரும் இருக்கு."

நாரணாபுரத்தில் பட்டாசு யூனிட்டில் போர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்தார்.

"மருந்து கலக்க வாரவன் கண்ணு இப்படிச் செவந்திருந்தா, கேட்டுலயே திருப்பி விட்டுருவேன் அண்ணாச்சி. போயித் தூங்குலேம்பேன். மொதலாளி ஏசுவாக. ஏசிட்டுப் போறாக."

மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே கம்பெனிக்குப் போன் போட்டார்.

"களைப்பா இருக்கேன். இன்னைக்கு ஓட்ட மாட்டேன்."

கொடுத்த ஓய்வில் ஏன் தூங்கவில்லை என்று ஒரு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்றார்கள். மருந்து கலக்குகிறவனிடம்கூடக் கேட்காத கேள்வி!

"மச்சான், நீங்கதான எழுதுற ஆளு. எழுதுங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

காரம் ஏற ஏற எழுதினேன். ரயிலை எழுதினேன், பஸ்ஸை எழுதினேன், விருந்து வைத்த மைத்துனனையும் குற்றவாளியாகச் சேர்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பிழையில்லாமல் ஒரு பக்கம்.

நிமிர்ந்தால், மாப்பிள்ளை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட எழுப்ப வேண்டும்.

சொந்தங்களைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போன் மறுபடி அதிர்ந்தது. அதைக் கட்டிலில் கிடந்த தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.