முற்றத்துக்கு ஒரு கேட்

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் வீடுகளுக்கிடையே மதில் கிடையாது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எங்கள் சமையலறையை ஒட்டித்தான் நடப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து மனைவி வரும்வரை எனக்கு அதில் விசேஷமாக எதுவும் தோன்றியதில்லை.

“யாருங்க இவங்கெல்லாம்? நம்மூட்டுக்குள்ளயே நடக்கறாங்க!” என்றாள்.

“வழியாக்கும்,” என்றேன். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை. முற்றத்தைச் சுற்றி வேலி கட்டி, கேட் போட்டேன்.

மறுநாள் எல்லோரும் ரோடு சுற்றிப் போனார்கள். பக்கத்து வீட்டு மேரி அக்கா மட்டும் வெளியே நின்று, “காப்பி குடிச்சாச்சா மக்கா?” என்று வழக்கம்போல அவளிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

“இந்த ஊர்ல யாருக்கும் கோபமே வராதுங்களா?” என்றவள், மாலையில் கேட்டைத் திறந்துபோட்டாள்.

நேற்று சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. மேரி அக்கா வீட்டு முற்றத்தின் வழியே விறுவிறுவென்று நடந்தாள் என் மனைவி. யாரிடமும் கேட்கவில்லை.