யன்னல் எண் மாறிய அன்று

மன்னாரில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்துக்குக் கணினி வேலை செய்து கொடுத்தேன். உள்ளறையில் பிரதான கணினி. முன்மேசையில் திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட பழைய முனையம். முதலாளிக்குப் பழையதை எறிய மனம் வராது. எனக்கோ பழையதை ஓட வைத்துக் காட்டுவதில் ஒரு திமிர்.

அந்தத் திரையை யன்னல்களாகப் பிரித்தேன், பரிசோதனைக்கு வரும் ஆளுக்கொன்று. பிரதான கணினி ஒரு பரிசோதனை முடிவை அனுப்பும்போது எழுத்துகளுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியையும் அனுப்பும். ‘இனி வருவது மூன்றாம் யன்னலுக்கு’ என்பது போல. அந்தக் குறிகள் எல்லாம் என் கைவேலை. கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

முன்மேசையில் இருந்தவள் கொண்டச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பிள்ளை. ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள்.

“சேர், ஒரு யன்னலை மூடினா மற்றதில எழுத்து மாறி விழுற மாதிரிக் கிடக்கு.”

“மெஷின் பிழை விடாது தங்கச்சி. ஆக்கள்தான் விடுறது.”

போய்ப் பார்க்கவில்லை. சோம்பல் பாதி, தலைக்கனம் பாதி.

அடுத்த கிழமை ஓலைத்தொடுவாயிலிருந்து இரண்டு பேர் ஒரே காலையில் இரத்தம் கொடுத்தார்கள். கோயில் புனிதரின் பெயர் வைத்த ஆண்கள் அங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்த இருவருக்கும் அதே பெயர், முன்னெழுத்தும் ஒன்றே. ஊரில் பட்டப்பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்வார்கள். என் திரையில் பட்டப்பெயருக்கு இடம் விடவில்லை.

இரண்டாம் யன்னலில் நோயில்லாதவர், மூன்றாவதில் நோயுள்ளவர். முதலாம் யன்னலை அவள் மூடியதும் முனையம் இரண்டை ஒன்றாகவும் மூன்றை இரண்டாகவும் ஆக்கிவிட்டது. அதைப் பிரதான கணினிக்குச் சொல்லும் குறியை நான் எழுதவே இல்லை. அது இரண்டுக்கென்று அனுப்பிய நல்ல முடிவு, நோயாளியின் யன்னலில் போய் விழுந்தது. அவருடைய சொந்த முடிவு இல்லாத யன்னலைத் தேடித் தொலைந்தது. பெயர் சரியாக இருந்ததால் அவள் அச்சடித்துக் கொடுத்தாள்.

பயமில்லையென்று அவர் கடலுக்குப் போனார். சில நாளில் வள்ளத்திலேயே மயங்கி விழுந்தார். சிறுநீரகம். உயிர் தப்பியது. ஆனால் இனிக் கடல் இல்லை என்றார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்தேன். ஒரேயொரு வரி. சத்தமில்லாமல் திருத்திவிட்டு வெளியே வந்தேன்.

“கணினியில பிழை இல்ல. பிள்ளை ஆளை மாறிக் குடுத்திட்டா. பாவம், மன்னிச்சு விடுங்கோ.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. முதலாளி மன்னிக்கவில்லை. அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்.

போன மாதம் பசாரில் ஒரு புடவைக்கடைக்குப் போனேன். உள்ளே அவள் நின்றாள். முகத்தில் கண்ணாடி.

“கண் டொக்டர் ஒரு குறையும் இல்லையெண்டுதான் சொன்னவர் சேர். நான்தான் கேட்டு வாங்கிப் போட்டனான். அண்டைக்கு ரெண்டு பேரை மாறிப் பாத்திட்டன்தானே. இனி என்ர கண்ணை எப்பிடி நம்புறது?”

வாய் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: “நீங்க மட்டும்தான் எனக்காகக் கதைச்சீங்களாம். அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தருவான்.”

நான் இரண்டு யார் நீளத்துக்கு வெள்ளைத் துணி கேட்டேன். அவள் மூன்று தரம் அளந்தாள்.